கரைப் புல்

ஆடிக் காற்று சுகமாக வீசுகிறது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். சுகமாம் சுகம்! யுத்த காலத்தில் ஓர் ஆடி மாதம் முழுவதும் நான் மண்ணைத்தான் தின்றேன். சோற்றில் மண், தண்ணீர்ப் பானையில் மண், பாயில் மண், கண் இமையில் மண். ஆவடிக்குப் பக்கத்தில் பட்டாளத்துக்காரர்கள் வெடிமருந்து வைக்கக் கொட்டகைகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. வேலிக்கு உள்ளே கூலியாட்களுக்கென்று போட்ட ஓலைக் குடிசைகளில் ஒன்றில் நானும் என் புருஷனும் இருந்தோம். அப்போது எனக்குத் தலைப்பிள்ளை வயிற்றில்.

அந்த இடம் முழுக்க முன்பு புஞ்சை நிலம். கேழ்வரகும் வேர்க்கடலையும் போடுவார்கள். அதில் ஒரு துண்டு என் மாமனார் வீட்டுடையது. யுத்தம் வந்ததும் சர்க்கார் ஆட்கள் வந்து அளந்தார்கள், கல் நட்டார்கள், பனைமரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். நிலம் போனவர்களுக்கு உள்ளேயே வேலை உண்டு என்று சொன்னார்கள். என் புருஷன் அதை ஏதோ வரம் கிடைத்த மாதிரி வந்து சொன்னார்.

"நம்ம நெலத்துலயே வேல. ஊரு ஊரா சுத்த வேணாம் பாரு."

"சொந்த நெலத்துல கூலிக்கு மண்ணு சொமக்கறவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்யா" என்றேன்.

அவர் மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பதில் தெரியாதபோதெல்லாம் அவருக்கு மண்வெட்டிதான் துணை. நல்ல மனுஷன். ஆனால் அந்த நல்லதனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை.

உள்ளே போன அன்றே ஆளுக்கு ஒரு பித்தளை வில்லை கொடுத்தார்கள். அதைக் காட்டினால்தான் வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற காவல்காரன் வெளியே விடுவான். வில்லை கைக்கு வந்த சூடு ஆறுவதற்குள் மேஸ்திரி எல்லாவற்றையும் திரும்ப வாங்கி, ஒரு கம்பியில் கோத்து, தன் இடுப்பில் கட்டிக்கொண்டான். பட்டணத்தில் குண்டு விழப் போகிறது என்று ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த காலம். கூலிக்கு ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. கிடைத்த ஆளும் ஓடிவிடுவான் என்று மேஸ்திரிக்குப் பயம். அவன் நடக்கும்போது இடுப்பில் வில்லைகள் கலகலவென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

"வேல முடியட்டும், அப்பால ராஜாத்தி மாரி போ. யாரு புடிச்சிகினு கீறது?" என்பான்.

வேலை எங்கே முடிவது? ஒவ்வொரு மருந்துக் கொட்டகையைச் சுற்றியும் கூரை உயரத்துக்கு மண் மேடு போட வேண்டும். ஒன்று வெடித்தாலும் பக்கத்துக் கொட்டகைக்குப் பரவக் கூடாது என்பதற்காக அப்படி. சித்திரை வைகாசி வெயிலில், செம்மண்ணும் சரளையுமாக வெட்டிக் கொட்டினோம். பொட்டு ஈரம் இல்லாத மண். கொட்டும்போதே பாதி புகையாகப் போனது. ஆடி பிறந்ததும் மேடுகள் எல்லாம் சேர்ந்து புகைய ஆரம்பித்தன. நாங்கள் காலையில் ஏற்றிவிட்ட மண் சாயங்காலத்துக்குள் எங்கள் குடிசைக்கு வந்து சேரும். கூட்டி அள்ளி மறுபடி மேட்டில் கொட்டுவோம். சிரிப்பு வருகிறது இப்போது. அப்போது வரவில்லை.

நடுவில் ஒரு நாள் திடீர் மழை. அரை நாழிகைகூட இருக்காது. மேடுகளில் விரல் விரலாக ஓடை விழுந்து, வழிந்த மண் ஒரு கொட்டகை வாசலையே அடைத்துவிட்டது. இஞ்சினியர் துரை வந்து பார்த்தார். அவர் கத்தின கத்தலில் ஒரு வார்த்தைகூட எங்களுக்குப் புரியவில்லை, மேஸ்திரியின் முகம் போன போக்கில் எல்லாம் புரிந்தது. அடைமழைக் காலத்துக்குள் மேடுகள் அசையாமல் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கான்ட்ராக்டரும் போச்சு, மேஸ்திரியும் போச்சு.

மேஸ்திரி ராத்தூக்கம் இல்லாமல் யோசித்து ஒன்று கண்டுபிடித்தான். மேட்டைச் சாணி போட்டு மெழுகுவது! வீட்டுத் தரை புழுதி கிளம்பாமல் இருப்பது சாணியால்தானே, அப்புறம் மேடு மட்டும் என்ன உசத்தி என்று கேட்டான். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து வண்டி வண்டியாகச் சாணி வந்தது. பெண்கள் நாங்கள் வரிசையாக ஏறி நின்று ஒரு மேடு முழுவதையும் அடியிலிருந்து உச்சிவரை மெழுகினோம். ஒரு கிழவி பழக்கதோஷத்தில் உச்சியில் கோலம்கூடப் போட்டாள். முடிந்தபோது மேடு அவ்வளவு லட்சணமாக இருந்தது. மூன்றாம் நாள் வெயிலில் அது முழுக்க வெடித்து, அப்பளம் அப்பளமாகக் கிளம்பி, காற்றில் பறந்து போய் துரையின் கூடாரத்தில் விழுந்தது. அன்றைக்கு மேஸ்திரி எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் புல் வைக்கச் சொன்னார்கள். அறுகம்புல்லை வேரோடும் மண்ணோடும் முறம் அகலத்துக்குப் பத்தையாகச் செதுக்கி எடுத்து, மேட்டில் கீழிருந்து மேலாக அடுக்கிக்கொண்டே போக வேண்டும். ஒரு பத்தைக்கும் அடுத்த பத்தைக்கும் நடுவில் விரல் நுழையக் கூடாது. நுழைந்தால் தண்ணீர் அங்கே புகுந்து அடியோடு அரித்துவிடும். பலகையால் அடித்து, மூங்கில் முளையால் குத்தி நிறுத்தி, வேர் பிடிக்கும் வரை குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்ற வேண்டும். வெயில் கடுமையாக இருந்தால் மேலே வைக்கோலைப் பரப்ப வேண்டும். இந்த வேலையில் என் கை சீக்கிரம் பழகிவிட்டது. அதுவே எனக்குக் கேடாக முடிந்தது. "இவ வச்ச பத்த நிக்குது" என்று மேஸ்திரி என்னையே எல்லா மேட்டுக்கும் துரத்தினான்.

புல் உள்ளே இருந்தால்தானே? வெளியிலிருந்துதான் வர வேண்டும். புல் ஏற்றிக்கொண்டு வருகிற மாட்டுவண்டியைக் காவல்காரன் உள்ளே விடுவான். வேறு யாரையும் விடமாட்டான்.

எனக்கு ஏழாம் மாதம். வளை போட்டு, சோறு கட்டிக்கொடுத்து, தாய்வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டிய மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், அதில் எங்கள் பக்கம் இரண்டாம் பேச்சே கிடையாது. என் அப்பா ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்த்து வந்தார். எங்கள் ஊர் பூந்தமல்லிக்கு மேற்கே, நசரத்பேட்டையையும் தாண்டி உள்ளே போக வேண்டும். அங்கிருந்து கூவம் ஆற்று மணலில் இறங்கி ஏறி, வெயிலில் நடந்தே வந்திருந்தார். ஒரு கையில் துணியில் சுற்றின கண்ணாடி வளையல், ஒரு கையில் புளிச்சோற்றுத் தூக்கு.

காவல்காரன் வடக்கத்தியான். அவனுக்குத் தெரிந்த தமிழ் நாலு வார்த்தைதான், அந்த நாலும் கூடாது என்பதைச் சொல்லத்தான். வில்லை இல்லாதவன் உள்ளே வரக் கூடாது, வில்லை இல்லாமல் நான் வெளியே போகக் கூடாது. வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அப்பா. கிட்டே போனால் துப்பாக்கிக் கட்டையைத் தூக்கினான். அப்பா அங்கேயே தரையில் உட்கார்ந்து உச்சி சாயும்வரை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் மேஸ்திரியிடம் ஓடினேன், சண்டை போட்டேன், அழுதேன். "இன்னும் பாதி மேடு மொட்டையா கீது. உன்ன வுட்டுட்டு யார வச்சி நான் முடிப்பேன்? மேடு வழிஞ்சா எந்தோல உரிப்பானுங்கம்மே" என்றான். அவன் கண்ணிலும் பயம் இருந்தது. அது எனக்கு எந்த விதத்தில் உதவும்? என் புருஷனோ மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அன்றைக்கு அந்த மண்வெட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டேன்.

அப்பா தூக்கை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். புளிச்சோற்றை வழியில் யாருக்காவது கொடுத்திருப்பார். என்னை விட்டுவிட்டு அதை அவரால் தின்றிருக்க முடியாது.

அடுத்த வாரம் நான் ஒரு மேட்டில் பாதி உயரத்தில் நின்று பலகையால் அடித்துக்கொண்டிருந்தேன். கீழே ஒரு புல் வண்டி வந்து நின்றது. "ஏ கண்ணு, மொள்ள எறங்கு, வயித்துல கொயந்தய வச்சிகினு குதிக்காதே" என்று குரல். பார்த்தால் என் அப்பா! சித்தப்பா வீட்டு வண்டியை இரவல் வாங்கி, தானே புல் வெட்டி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். காவல்காரன் வண்டியைப் பார்த்தான், புல்லைப் பார்த்தான், விட்டுவிட்டான். நான் சரிந்து வந்து அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன்.

புல் பத்தைகளுக்கு நடுவில் வளையல் மூட்டையை ஒளித்து வைத்திருந்தார். பெண்கள் கூடி நின்று போட வேண்டிய வளையலை அவரே என் கையைப் பிடித்துப் போட்டார். அவர் விரல்கள் மண்வெட்டி பிடித்துக் காய்த்தவை. இரண்டு வளையல் உடைந்தது. "உங்கம்மா கேட்டா முழுசா போட்டேன்னு சொல்லு" என்றார். ஆம்பளை நடத்தின வளைகாப்பு எங்கள் வம்சத்திலேயே அது ஒன்றுதான் இருக்கும்.

அன்றிலிருந்து சில நாளுக்கு ஒருமுறை அவர் வண்டி வந்தது. வண்டிச் சத்தம் எனக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும். அம்மா கொடுத்தனுப்பின கொழுக்கட்டையோ, சுட்ட சோளமோ புல்லுக்கு அடியில் இருக்கும். அந்த வேலிக்குள் நான் மூச்சுவிட்டது அந்த நாட்களில்தான்.

ஒரு நாள் அவர் கொண்டுவந்த பத்தை ஒன்று கைதவறிக் கவிழ்ந்துவிட்டது. அடியில் மண் கறுப்பு. நல்ல களிமண். அதில் வெள்ளை வெள்ளையாகச் சின்ன நத்தை ஓடுகள்.

மற்ற வண்டிக்காரர்கள் கொண்டுவந்த பத்தைகளை எல்லாம் நான் கை வைத்து அடுக்கியிருக்கிறேன். எல்லாம் செம்மண். காய்ந்த புல். அப்பா கொண்டுவந்ததுதான் பச்சையாக, அடர்த்தியாக இருந்தது. அது வரைக்கும் அதற்காக நான் பெருமைதான் பட்டிருந்தேன். நத்தை ஓடு மேட்டு நிலத்தில் எப்படி வரும்? அது ஏரி மண். ஏரியைத் தூர் வாரிக் கொட்டிக் கொட்டி உயர்த்தின கரையில் மட்டும்தான் அப்படி மண் இருக்கும். அந்த வெயில் காய்ச்சலிலும் அறுகு பச்சையாக நிற்பதும் அங்கே மட்டும்தான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அப்பா எங்கள் ஊருக்கு நீர்க்கட்டி. ஏரி மதகைத் திறந்து மூடி, ஒவ்வொரு வயலுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற ஆள். கரையைக் காக்கிறதும் அவர் பொறுப்பு. கரையில் யார் வீட்டு ஆடு ஏறினாலும் கோலை எடுத்துக்கொண்டு ஓடுவார். "புல்லு போச்சின்னா கரை போச்சி, கரை போச்சின்னா ஊரு போச்சி" என்று கத்துவார். அவர் கத்தலுக்குப் பயந்து பக்கத்து ஊர் மேய்ப்பர்கள்கூட அந்தப் பக்கம் வரமாட்டார்கள். எங்கள் வீடு கரைக்கு நேர் கீழேதான்.

"நைனா, இது எங்க வெட்னது?"

"இன்னா கேள்வி இது? புல்லு இருக்கிற எடத்துல."

"இந்தக் காச்சல்ல புல்லு எங்க கீது? கரையில கை வச்சியா?"

மாட்டுக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். "ஒரு ஓரமாத்தான் செதுக்கறேன். மொத தூறல் வுட்டா தானா மொளச்சிக்கும்."

"ஆட்ட வுட்டா கால ஒடப்பேன்னு ஊரையே வெரட்டினியே!"

"ஆடு வேற. அது நம்மளக் கேட்டுகினா தின்னுது?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார்.

"ஊருல யாரும் கேக்கலியா?"

"மராமத்து பண்றேன்னு நெனச்சிகினு கீறாங்க. நீர்க்கட்டியப் போயி யாரு கேப்பாங்க?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "உன்ன வரச் சொல்லி நான் கேட்டேனா? வெளிய இஸ்துகினு போன்னு கேட்டேனா? இங்கயே பெத்துப் போட்டுட்டு இங்கயே சாவறேன், நீ போ. இனிமே வராதே" என்று கத்தினேன். பக்கத்து மேட்டில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் மெதுவாகச் சொன்னார். "நீ கேக்கல கண்ணு. உங்கம்மா தெனமும் கேக்குறா. எம்பொண்ணு எங்க, எம்பொண்ணு எங்கன்னு. மேஸ்திரிகிட்ட பேசிட்டேன். மத்தவன் கொண்டாற புல்லு எல்லாம் காஞ்சி சாவுதாம். நம்ம புல்லுதான் புடிக்குதாம். கடைசி மேடு முடியறமுட்டும் நான் கொண்டாந்து குடுத்தா உன் வில்லைய என் கையில தரேன்னு சொல்லிகீறான்."

நான் மேட்டில் ஏறிக்கொண்டேன். ஆனால் அவர் கொண்டுவந்த பத்தைகளை அடுக்கினேன். அடுக்காமல் என்ன செய்வது? என்னைச் சுற்றி வேலி, இடுப்பு வலி, வயிறு நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டு வந்தது. இரவில் அந்த ஓலைக் குடிசையில் மண்ணுக்கு நடுவே பிள்ளை பெறுவதை நினைத்தால் உடம்பு நடுங்கும். பகலில் எங்கள் கரையை நினைத்தால் நடுங்கும். ஒன்றிலிருந்து தப்பிக்க இன்னொன்றுக்குள் போகிற மாதிரி இருந்தது.

அப்பா தொடர்ந்து வந்தார். புரட்டாசி முடிகிற நேரத்தில் கடைசி மேட்டின் உச்சியில் கடைசிப் பத்தையை வைத்து அடித்தேன். அடியிலிருந்து உச்சிவரை எங்கள் ஊர் ஏரிக்கரை அங்கே பச்சையாக நின்றது. துரை வந்து பூட்ஸ் காலால் உதைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மேஸ்திரி சொன்ன சொல் தவறவில்லை. கம்பியிலிருந்து என் வில்லையைக் கழற்றி அப்பா கையில் கொடுத்தான்.

கிளம்பும்போது பார்த்தேன், அந்த மேட்டின் அடியில் ஒரு வண்டிப் பத்தை மிச்சம் கிடந்தது. இனி அது யாருக்கும் வேண்டாம்.

"நைனா, இத ஏத்து. கொண்டுபோயி கரையில வச்சிடலாம். மழைக்குள்ள வேர் புடிச்சிடும். நான் வச்சிக் குடுக்கறேன்."

அப்பாவின் முகம் அப்படியே மலர்ந்தது. இத்தனை நாளும் அவர் உள்ளுக்குள் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் புருஷனும் ஓடிவந்து ஏற்றினார். வேக வேகமாக, ஒவ்வொரு பத்தையும் உடையாமல் அடுக்கினார். அவர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த நேரத்தில் தணிந்தது. ஈர வைக்கோலை மேலே போட்டு, ஒரு மூலையில் நான் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

வாசலில் காவல்காரன் வில்லையைப் பார்த்தான், சரி என்றான். அப்புறம் வைக்கோலைத் துப்பாக்கி முனையால் விலக்கினான்.

"உள்ள சரி. வெளிய இல்ல" என்றான்.

"அய்யா, இது புல்லு. நாந்தான் கொண்டாந்தேன். எங்க ஊரு புல்லு" என்று அப்பா கும்பிட்டார்.

"உள்ள சரி. வெளிய இல்ல."

உள்ளே வந்தது எல்லாம் பட்டாளத்துச் சொத்து. எது வந்தாலும் வெளியே போகக் கூடாது. அப்பா கெஞ்சினார். நான் வண்டியிலிருந்து இறங்கி, என் வயிற்றைக் காட்டி, ஏரியைக் காட்டுகிற மாதிரி கையை விரித்து, எனக்குத் தெரிந்த விதத்தில் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவனுக்கு என்ன புரிந்திருக்கும், ஏதோ கர்ப்பிணிக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். வண்டியைக் காலி செய்தால் போ, இல்லாவிட்டால் உள்ளே திரும்பு என்று கையைக் காட்டினான். கடைசியில் அப்பாவே ஒவ்வொரு பத்தையாக இறக்கி, வாசலுக்கு உட்பக்கம் வெயிலில் அடுக்கி வைத்தார். தூக்கி எறியவில்லை. பூவை வைக்கிற மாதிரி வைத்தார்.

காலி வண்டியில் ஊர் போய்ச் சேர்ந்தோம். இறங்கியதும் கரையைப் பார்த்தேன். ஒரு ஓரமாகச் செதுக்கினேன் என்று சொன்னாரே! எங்கள் வீட்டுக்கு நேர் மேலே ஒரு நீள இடம் முழுக்கத் தோல் உரித்த மாதிரி கிடந்தது. கறுப்பு மண் வெயிலில் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்பில் கை நுழைந்தது.

நான் என் வயிற்றைத் தூக்கிக்கொண்டு அப்பாவோடு போனேன். மேட்டில் கற்றதை எல்லாம் அங்கே செய்து பார்த்தோம். வெடிப்பில் ஈர மண்ணைத் திணித்தோம், வைக்கோல் பரப்பினோம், பனை ஓலையை மூங்கில் முளையால் குத்தி நிறுத்தினோம், கரையின் மற்ற பக்கத்திலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக அறுகு வேரைக் கொண்டுவந்து ஊன்றினோம். ஆனால் வேர் பிடிக்க நாள் வேண்டும். மேட்டுக்கு அது கிடைத்தது, கரைக்குக் கிடைக்கவில்லை.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. எனக்கு வலி வந்ததும் அந்த மழையில்தான். என் தாய்வீட்டில், என் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, பெண்பிள்ளை பெற்றேன். அதற்காகத்தானே எல்லாம். அப்பா குழந்தையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு கரைக்கு ஓடினார். அப்புறம் அவர் வீட்டுப் பக்கமே வரவில்லை. சோறு கொண்டுபோனால், "கொயந்த அழுதா?" என்று மட்டும் கேட்பாராம்.

குழந்தைக்குத் தீட்டுக் கழிவதற்குள் ஒரு காலையில் கரை போய்விட்டது. வேறு எங்கேயும் இல்லை, அந்த உரித்த இடத்தில்தான். அப்பா கத்திக்கொண்டே தெருவில் ஓடிவந்ததால் எல்லோரும் மேட்டுப் பக்கம் ஏறிவிட்டோம். உயிருக்குச் சேதம் இல்லை. எங்கள் வீட்டுச் சுவர் கரைந்து கூரை தரையில் உட்கார்ந்தது. கீழே அப்போதுதான் நட்ட பயிர் முழுவதும் மணலுக்கு அடியில் போனது. ஏரித் தண்ணீர் அத்தனையும் கூவத்தில் போய் விழுந்தது.

ஊர் கூடியது. அப்பா யாரும் கேட்பதற்கு முன்பே, "நாந்தான் வெட்னேன். எம்பொண்ணுக்காவ" என்று சொல்லிவிட்டார். அடிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் கை ஓங்கவில்லை. திட்டக்கூட இல்லை. ஒரு பெரியவர் வந்து, அப்பாவின் கையிலிருந்து மதகு திறக்கிற கோலை வாங்கி இன்னொருவர் கையில் கொடுத்தார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பித் திட்டியிருப்பேன். அவர்கள் அந்த வழியையும் வைக்கவில்லை.

வீடும் இல்லை, வேலையும் இல்லை, அந்த ஊரில் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. மழை விட்டதும் என் புருஷன் வந்தார். மேஸ்திரியே நாலு வில்லையைக் கையில் கொடுத்து, ஆள் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பியிருந்தான். "அங்க இன்னும் ஆளு வேணுமாம்" என்றார். வேறு எங்கே போவது? நான், குழந்தை, அப்பா, அம்மா எல்லோரும் அவர் பின்னால் நடந்து ஆவடிக்குப் போனோம். காவல்காரன் எங்களைப் பார்த்தான். என்னை அடையாளம் தெரிந்திருக்க வேண்டும், குழந்தையைப் பார்த்துச் சிரித்தான். "உள்ள சரி" என்றான்.

மேஸ்திரிக்கு அப்பாவைப் பார்த்ததில் சந்தோஷம். நீர்க்கட்டியாக இருந்தவர், அவருக்கு ஏற்ற வேலை இருக்கிறது என்றான். மேடுகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், வேலிக்கு அடியில் நுழைந்து வருகிற ஆடுகளைப் புல்லில் ஏறாமல் விரட்ட வேண்டும். கையில் ஒரு கோலும் கொடுத்தான்.

முதல் நாளே அப்பா கடைசி மேட்டுக்குப் போனார். நானும் குழந்தையோடு கூடப் போனேன். மழைக்குப் பிறகு அறுகு முழங்கால் உயரம் வளர்ந்து தளதளவென்று நின்றது. ஒரு ஓடை விழவில்லை, ஒரு விரிசல் இல்லை. அடியில் பொட்டு மண்கூட வழிந்திருக்கவில்லை. அவர் குந்தி உட்கார்ந்து, புல்லை விலக்கி, கறுப்பு மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். ஒரு நத்தை ஓட்டை எடுத்தார், மறுபடி இருந்த இடத்திலேயே அழுத்தி வைத்தார்.

"அவ்ளோ மழைக்கும் ஒரு பிடி போவல, பாத்தியா கண்ணு" என்றார். "நம்ம புல்லு."

சொல்லிவிட்டு, சிரிக்கலாமா என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தார். எனக்கு ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது. குழந்தையை அவர் மடியில் வைத்தேன்.

அப்போது மேஸ்திரி வந்து எங்கள் நாலு பேருடைய வில்லையையும் கேட்டான். கொடுத்தோம். கம்பியில் கோத்துக்கொண்டு போனான்.